ஐஸ் கம்பெனி திருப்பதி கேட்கும் கேள்வி

"ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீங்க?"

டீ கிளாஸ் கைக்கு வருவதற்குள் எதிர்பெஞ்சில் இருப்பவரிடம் திருப்பதி கேட்டுவிடுகிறார். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்கு வந்துபோகும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. சிலர் சிரிப்பார்கள். சிலர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். "வெக்கப்பட்டுக் கெட்டவன் நான். அதான் கேக்குறேன்" என்பார், கடைக்கே கேட்கும்படி.

வயது அறுபத்து நான்கு. ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம். ஐம்பது கிலோ ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்துத் தோளில் ஏற்றுவதில் இந்தக் கரையில் அவருக்கு இணை இருந்ததில்லை. ஆகவே இடுப்பு வலித்தபோது ஐஸைத்தான் குற்றம் சொன்னார். எட்டு மாதம் தைலம் தேய்த்தார். சிறுநீர் கழிக்க இரவில் ஐந்து முறை எழுந்ததை மனைவி புவனேஸ்வரியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கியபோது கால் ஊன்றவில்லை.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு நான்குக்குள் இருக்க வேண்டும்; அவருக்கு நானூறைத் தாண்டியிருந்தது.

"முழுசாக் குணமாகாதுங்க. அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர்.

"எத்தனை வருசத்துக்கு?"

"ஊசிக்கு அது எப்படிக் கட்டுப்படுதுங்கிறதப் பொறுத்தது. ரெண்டு வருசத்துல போனவங்க இருக்காங்க. ஏழெட்டு வருசம் ஓட்டுனவங்களும் இருக்காங்க."

"அப்ப என்னய ரெண்டாவது ஆளுங்களோட சேத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இது நான்காவது வருடம்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆண் ஹார்மோன் சுரப்பதை நிறுத்தும் ஊசி என்பதால் உடம்பு திடீரென்று அனலாய்க் கொதிக்கும். உடனே எழுந்து ஐஸ் அறைக்குள் போய் நின்றுகொள்வார். "இந்த வசதி எந்தப் பணக்காரனுக்கு இருக்கு, சொல்லுங்க?" எலும்பு முறிந்துவிடக்கூடும் என்பதால் ஐஸ் பாரைத் தூக்கக் கூடாது. கம்ப்ரஸர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மெஷினைக் கவனித்துக்கொள்கிறார். சுவர் பக்கத்திலேயே இருந்தாலும் சாயமாட்டார்.

அவருடைய பெரிய பெருமை விசைப்படகு டிரைவர் ஆத்மநாதன். அந்தக் கேள்விக்கு முதலில் அவரும் கெட்ட வார்த்தையில்தான் பதில் சொன்னார். திருப்பதி விடவில்லை. "எல்லாருக்கும் இந்த நோவா இருக்காதுப்பா. வயசானா அந்தச் சுரப்பி சும்மாவும் வீங்கும். ஒரு ரத்த டெஸ்ட்டு எடுத்தா தெரிஞ்சுட்டுப் போகுது!" பதினொரு நாள் பின்னாலேயே அலைந்து பஸ் ஏற்றினார். ஆத்மநாதனுக்கும் அதே நோய். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் படகு கரைக்கு வரும்போதெல்லாம் திருப்பதி பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டுவார்: "பரவுறதுக்கு முன்னாடி புடிச்சோம்ல!"

போன மாதம் திருப்பதியின் ரத்த அளவு மறுபடி ஏறியது. ஊசிக்கு அடங்கிக் கிடந்தது தலைதூக்கிவிட்டது. புதிதாக மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். புவனேஸ்வரி அழுதார். "அழுவாத. நாலு வருசம் நிமிந்துதான நின்னுருக்கேன்? இன்னமும் நிப்பேன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு, இதை எழுதும் நானும் அவரோடு போனேன். வரிசையில் இதே நோய்க்கு வந்திருந்த குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர். ரிப்போர்ட்டை எட்டாக மடித்து மடியில் செருகியிருந்தார். பெயர் கூப்பிட்டும் எழாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பதி கையை நீட்டி அந்த ரிப்போர்ட்டை வாங்கினார். தன் தொடையில் வைத்து, உள்ளங்கையால் ஒவ்வொரு மடிப்பாக நீவி விரித்தார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.