எல்லா மெஷினிலும் தெரிந்த முகம்

இங்கே ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். டொராண்டோவில் ஒரு சின்னக் கம்பெனி. கடைக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுக்கிறது. நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தி பார்த்தால்தான் குறை தெரியும் என்று மேலாளர் லிண்டா என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஏற்காட்டில் எட்டாவது வரை படித்தவள் நான்.

வேலை இதுதான். பக்கத்தைத் திறந்து காட்டும் பிரவுசர் ஒன்றல்ல, பல. ஒன்றில் ஒழுங்காக நிற்கும் எழுத்து இன்னொன்றில் படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். புதியதில் பார்த்தபின் பழையதிலும் பார்க்க வேண்டும். ஜன்னலைச் சுருக்கி, சின்னத் திரையில் எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். படத்தை வராமல் நிறுத்திவிட்டு, விஷயம் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, ஆபீஸ் லைனை விட்டு மெதுவான டெலிபோன் லைனில் திறக்க வேண்டும். "உன் மெஷினை நம்பாதே, பார்க்கிறவனுடையதை நினை" என்பாள் லிண்டா.

வெள்ளக்கடை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தபோது கணக்கெழுதும் ரைட்டரும் இப்படித்தான். கூடையைக் கவிழ்த்து அடிவரை அளைந்து பார்ப்பார். "ஏனுங்கம்மிணி, மேலாப்புல மாப்பிள்ளையாட்டம் செவப்பு, அடியில பூரா பச்சைக் காயா?" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

கணவர் இறந்தபின் அந்தக் கூலியில் முடியவில்லை. மகள் செல்விக்கு அப்போது இரண்டு வயது. அவளைத் தம்பி முருகேசன் வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளை பார்க்கும் வேலைக்குக் கனடா வந்தேன். அந்த வேலை முடிந்தபின்தான் இங்கே தரை துடைக்க வந்தேன். நிரந்தரமாகத் தங்கும் பேப்பர் கிடைத்ததும் அவளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். இன்னும் கிடைக்கவில்லை. இப்போது அவளுக்கு ஏழு.

சேலத்தில் பிரவுசிங் சென்டர் வந்திருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். லிண்டாவிடம் செய்முறை கேட்டு, என் முகத்தை வைத்து ஒரு பக்கம் செய்தேன். தமிழ் எழுத்து அங்கே கோழி கிளறியதுபோல் வரலாம் என்று எழுத்தே வைக்கவில்லை. சேலத்து லைன் மெதுவானது. படத்தைச் சுருக்கினேன். நிறத்தைக் குறைத்தேன். இன்னும் சுருக்கினேன். எல்லா மெஷினிலும் ஒன்றுபோல, சட்டென்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி செல்வியைப் பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்து ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் பாயுடைய போன் கடையில் காத்திருந்தான். நான் கூப்பிட்டேன்.

"நொம்ப சுளுவா வந்துருச்சுங்க்கா. தட்டுனதும் உங்க மூஞ்சி. சென்டர்காரனே அசந்துட்டான்."

"புள்ள என்ன சொல்லுச்சு?"

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"யாரு மாமா இதுன்னு கேட்டுச்சுங்க்கா. படம் தீப்பெட்டியாட்டம் இருந்துச்சு. அதான்."

"அதான்" என்றேன்.

பாய் பிள்ளையைக் கூப்பிடுவது கேட்டது. "வா சாமி, உங்கம்மா பேசறாங்க."

"அம்மா ஊட்டுல துணி தொவைக்குதுங்க பாய்."

அது செல்வியின் குரல். தம்பி பெண்டாட்டியைச் சொல்கிறாள். அவள்தான் குளிப்பாட்டுகிறாள், தலை பின்னுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையை விட்டு வந்தவர்களுக்கு இது தெரியும். லைன் சரியில்லை என்று தம்பியிடம் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் லிண்டா, "ஊரில் வேலை செய்ததா?" என்று கேட்டாள்.

"செய்தது."

அவள் கைதட்டினாள். "அப்படியானால் இனிப் பெரிய படம் வை" என்றாள். தலையாட்டினேன்.

வைக்கவில்லை. பெரிய படம் என் மெஷினில் இருக்கிறது. நெற்றித் தழும்புகூடத் தெரியும். அதையும் பார்த்து யாரென்று கேட்டுவிட்டால், தம்பிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

வேலை முடிந்ததும் சில நாள் அதைத் திறப்பேன். தம்பி தபாலில் அனுப்பிய செல்வியின் போட்டோவைத் திரையோரம் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். நேற்று மாலை கோட்டை மாட்டிக்கொண்டு போன லிண்டா நின்றாள். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் மகள்தானே? யாரும் சொல்லவே வேண்டாம்."