ஆறு வயது ஆகட்டும் என்று சொன்னேன்

2004-ஆம் ஆண்டு. ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். என் மகனின் ஆறாவது பிறந்த நாள் அந்த வருடம்தான் வந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அதற்கு ஏழு மாதம் முன்னால் என் மனைவி இறந்துபோனாள். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோராம் நாள் அவள் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகன் அப்போது வாலாஜாபாத்தில் என் அக்கா வீட்டில் இருந்தான். "பெத்த புள்ள இருக்கசொல்ல வேற யாருடா காரியம் செய்யறது? இட்டுகினு வா" என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் மண்ணைக் கொடுத்துக் குழியில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே எல்லாம் செய்தேன். பத்தாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் அவனை அழைத்து வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா எங்கப்பா?" என்றான்.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரில இருக்காங்கடா." யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

ஒரு வாரம் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதமானது. மாலை போட்ட போட்டோவைத் துணியில் சுற்றி பீரோவுக்கு அடியில் தள்ளினோம். அவன் காதில் எதுவும் போடக்கூடாது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அவனைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கிய அக்கா மட்டும், "எத்தினி நாளைக்குடா இப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓ.டி. வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் அவன், "என்னையும் இட்டுகினு போ" என்று காலைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுதான். "சின்னப் பசங்கள உள்ள விடமாட்டாங்கடா. ஆறு வயசு ஆவணும்" என்றேன். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அன்றோடு அவன் அழுகை நின்றுவிட்டது. தப்பித்தோம் என்று இருந்தேன். நாளடைவில், சொன்னதையே மறந்தும் போனேன்.

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். கூடப் படிக்கும் ஒரு பையன், "உங்கம்மா செத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். இவன் அவன் கையை ரத்தம் வரும்படி கடித்துவிட்டான். டீச்சர் விசாரித்தபோது, "ஆஸ்பத்திரில கீறாங்க. எங்கப்பா சொன்னாரு" என்றானாம். "இனிமேலும் தள்ளிப் போடாதீங்க சார்" என்றார் டீச்சர். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பிறந்த நாள் நல்லபடியாகப் போகட்டும் என்று அதையும் தள்ளிப் போட்டேன்.

பிறந்த நாளன்று லீவு போட்டுவிட்டு, படப்பை வழியாகப் பஸ் பிடித்து வண்டலூர் ஜூவுக்கு அவனை அழைத்துப் போனேன். காலையில் எனக்கு முன்பே எழுந்து குளித்துவிட்டான். புதுச் சட்டை, புதுச் செருப்பு. அத்தையிடம் சொல்லி இரண்டாவது தடவை பவுடர் போட்டுக்கொண்டான். ஜூவுக்குள் நுழைந்ததும் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினான். சிங்கத்தைப் பார்த்தாச்சா, அடுத்தது. கரடியைப் பார்த்தாச்சா, அடுத்தது. சந்தோஷத்தில் பறக்கிறான் என்று நினைத்தேன். நீர்யானை வாயைப் பிளந்தபோது மட்டும் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். ஏழு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை, "போதும்பா, போலாம்" என்றான்.

வெளியே வந்து எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் நகரவில்லை.

"மெட்ராஸ் பஸ்ஸு அந்தப் பக்கம்பா."

"மெட்ராஸுக்கு எதுக்குடா?"

"எனக்கு ஆறு வயசு ஆயிடிச்சில்ல?" என்றான். பிறகு டவுசர் பாக்கெட்டிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் போன மாதம் விழுந்த அவனுடைய முதல் பல். கூரைமேல் எறிந்துவிட்டதாக அத்தையிடம் சொல்லியிருந்தான். "அம்மாகிட்ட காட்டணும்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனோடு தாம்பரம் பஸ்ஸில் ஏறினேன். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இன்றைக்கு உள்ளே விடமாட்டார்களாம் என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்பதுதான் என் திட்டம். பஸ்ஸில் அவன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தாம்பரத்தில் கண்ணில் பட்ட ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். "இன்னிக்கி யாரையும் உள்ள விடமாட்டோம்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் அங்கிருந்தே எச்சில் தொட்டு முடியைப் படியவைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உள்ள விடமாட்டேன்னு நாளெல்லாம் சொல்றதுதான் என் வேல. ஆனா இந்தப் புள்ளகிட்ட என்னால சொல்ல முடியாதுபா. திரும்பி அடுத்த வாரம் வருவான். நீயே சொல்லிடு" என்றார். கேட்டுக்கு உள்பக்கம் மரத்தடியில் இருந்த சிமென்ட் பெஞ்சைக் காட்டினார். நாங்கள் போய் உட்கார்ந்ததும், தன் நாற்காலியை எடுத்துவந்து வழியில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் யாரையும் வரவிடவில்லை.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அழுதது நான்தான். அவன் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போ?"

"நீ அத்தை வூட்ல இருந்தல்ல, அப்போ."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டீச்சருக்கு?"

"ம்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அவன் பொய் சொல்லலையாப்பா? நான் அவனக் கடிச்சிட்டனே" என்றான். அப்போதுதான் அவன் உதடு நடுங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் யாரோ ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இறங்கியதும், அம்மா எங்கே என்று கேட்டான். எங்களுக்குப் புதைக்கிற வழக்கம். ஏரிக்கரையை ஒட்டிய இடுகாட்டுக்கு அழைத்துப் போனேன். மழையில் மண் கரைந்து மேடு தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு நானும் அந்தப் பக்கம் போனதில்லை. இடத்தைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரம் ஆனது. "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டான். காட்டினேன். அந்தப் பக்கமாக மண்டியிட்டு, தீப்பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மூடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் அக்கா அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பீரோவுக்கு அடியிலிருந்து போட்டோவை எடுத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகையில் போய்ச் சேர்ந்துகொள்ளும் தைரியம் எனக்கு வரவில்லை. வாசலிலேயே நின்றிருந்தேன்.

அதோடு முடியவில்லை. மறுநாள் நான் ஷிப்டுக்குக் கிளம்பியபோது, "நெஜமா கம்பெனிக்குத்தான் போறியா?" என்று கேட்டான். கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்து, நான் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனான். தினமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு என்ன வேலை செய்தாய், யார் யார் வந்தார்கள் என்று குடைந்து குடைந்து கேட்பான். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். ஒரு வருடத்துக்குமேல் ஆனது, அவன் அந்தக் கேள்வியை நிறுத்த.

இப்போது அவனும் வேலைக்குப் போகிறான். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறான். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. துக்கம் அவனைத் தொடாமல் பார்த்துக்கொள்வதாக நினைத்து, எங்களோடு சேர்ந்து அழ வேண்டிய குழந்தையை ஏழு மாதம் தனியாகக் காத்திருக்க வைத்துவிட்டேனே என்பது, அவன் பிறந்த நாள் வரும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.