வியன்னாவின் வெயில் பக்கம்

இலையுதிர்காலத்தைப் பற்றிப் பேசி நான் முதற்பரிசு வாங்கியபோது, ஓர் இலை தானாக உதிர்வதை ஒழுங்காகப் பார்த்தவள் அல்லள். துபாயை அடுத்த அஜ்மானில் எங்கள் குடியிருப்பின் எதிரே நின்றவை பேரீச்ச மரங்கள். அவற்றின் ஓலைகளை நகராட்சி ஆட்கள்தாம் ஏணி வைத்து ஏறி வெட்டி இறக்குவார்கள். ஆனால் பர் துபாயில் நடந்த அந்தத் தமிழ் விழா மேடையில், காடுகள் பொன்னாடை களைவதை நான் வருணித்த வேகத்தில் அரங்கம் எழுந்து கைதட்டியது. குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போதே அத்துப்படி. அதில் எனக்கிருந்த பெருமிதத்தை இன்றும் குறைத்துச் சொல்ல மனமில்லை.

திரும்பும் வழியில், காரின் முன்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஊரே மஞ்சளா மாறும்னு சொன்னியே, நெசமாவா?"

"அவ என்ன பாத்துட்டா சொன்னா? மைக்கு கெடச்சா நெலாவுக்கே போய்ட்டு வந்த மாதிரிலா பேசுவா," என்றார் அப்பா. சிறிது தூரம் போன பின், "ஒருக்க போய்ப் பாத்துருவோம்ளா," என்றார்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறை அக்டோபரில் வந்தது. வழக்கமாக எந்த விடுப்பும் திருநெல்வேலிக்குத்தான். அந்த முறை வியன்னாவுக்குப் புறப்பட்டோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மார்ச்சில் என் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், கல்லூரிப் படிப்புக்காக அம்மாவும் நானும் ஊருக்குப் போய்விடுவதாக முடிவாகியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு, அப்பா நண்பர்களோடு ரூமில் தங்கிக்கொள்வார். மூவரும் ஒரே கூரையின் கீழ் வாழப்போகும் கடைசிக் குளிர்காலம் அது.

விமானத்தில் அப்பா உறங்கியபோது அம்மா என் காதோடு சொன்னாள்: "எலை கெடக்கட்டும்ட்டி. ஒரு பகல் முழுக்க ஒங்கப்பா கூட இருக்கணும். அவ்வளவுதான்."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் நாள்களை அறிந்திருக்க வேண்டும். துபாயில் ஒரு கட்டுமான சைட்டின் மேற்பார்வையாளர் அப்பா. சாலை நெரிசலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன் கிளம்புவார். இருட்டிய பின் திரும்புவார். வார விடுமுறையான வெள்ளிக்கிழமையின் பகல் உறக்கத்துக்கு உரியது. பொழுது சாய்ந்தபின் பர் துபாய் கோயில், மீனா பஜார், கடலோடையில் படகு. எங்கள் சன்னல்களில் வெக்கைக்காக வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. ஆக, என் தந்தையைக் குழல்விளக்கின் வெளிச்சத்தில் மட்டுமே எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் ஏறத்தாழ அப்படித்தான்.

வியன்னாவில் அறைக்குள் நுழைந்ததும் அப்பா செய்த முதல் காரியம் திரைச்சீலைகளை இழுத்து மூடியது. அம்மா கொண்டுவந்திருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். "வெயில் தாழப் போவோம்" என்பது அவர் சட்டம். வெயிலில் நிற்பது டூட்டி. டூட்டி இல்லாத நாளில் வெயிலில் நிற்பது கிறுக்கு. வளைகுடாவில் இருந்தவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் வெளியே வந்தபோது அந்தப் பழம்பெரும் நகரம் கடைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அரண்மனைத் தோட்டத்தின் கதவு சாத்தியிருந்தது. விளக்கொளியில் எல்லா இலைகளும் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. குளிரில் பற்கள் கிட்ட, தெருவோரம் சுட்டு விற்ற கஷ்கொட்டைப் பருப்புப் பொட்டலத்தைக் கைகளில் மாற்றி மாற்றிச் சூடேற்றிக்கொண்டு திரும்பினோம்.

மறுநாளும் அதுவே நடந்தது.

கடைசி நாள் மதியம், திரை மூடிய அறையில், நான் கட்டிலின் காலடியில் எழுந்து நின்றேன்.

"நடுவர் அவர்களே! பாலைவனத்தின் சட்டத்தைப் பனி தேசத்தில் செலுத்துவது முறையா? சூரியன் பகையாக இருந்த ஊரில் மறைந்து வாழ்ந்தோம். சூரியன் விருந்தாளியாக வரும் ஊரிலும்..."

"மணி அடிச்சாச்சு. உக்காருட்டி," என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

அம்மா எழுந்தாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டினாள், கைப்பையை எடுத்தாள்.

"எங்க போற?"

"வெளிய. நீங்க ஒறங்குங்க."

"பாஷ தெரியாத ஊர்ல தனியாவா?"

"அஜ்மான்ல மட்டும் அரபி பேசியா மீன் வாங்குனேன்? பொறப்பட்டா பொறப்பட்டதுதான்."

அவள் படியிறங்கும் ஒலி கேட்டது. அப்பா எழுந்து காலணியைத் தேடினார். என் வாதத்துக்கு அசையாத மனிதர், கயிற்றைக்கூட முடிச்சிடாமல் ஓடினார்; பின்னாலேயே நானும்.

அரண்மனைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் வேறொரு வேடிக்கை. அப்பாவின் கால்கள் தாமாகவே நிழல் பக்கத்துக்குச் சென்றன. எதிர்ப்பக்கம், ஊர்க்காரர்கள் முகம் அண்ணாந்து வெயிலை வாங்கியபடி நடந்தார்கள். இவரோ கட்டட நிழலில் நடுங்கிக்கொண்டு வந்தார்.

"கிறுக்கு மனுசா, இங்கிட்டு வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள் அம்மா. தெருவில் அவள் அவர் கையைப் பிடித்து நான் கண்டதில்லை.

கஷ்கொட்டை மரங்கள் வரிசையாக நின்ற பாதையில், வெயில் விழுந்த ஓர் இருக்கையில் அமர்ந்தோம். இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. காற்றே இல்லாதபோதும் ஒவ்வொன்றாய், அவசரமின்றி. மேடையில் நான் சொன்னதுபோல் எதுவும் பொன்னாடை களையவில்லை. காய்ந்த இலை தரையைத் தொடும்போது எழும் சிறு ஓசையை என் பேச்சில் நான் குறிப்பிடவே இல்லை.

அம்மா இலைகளைப் பார்க்கவில்லை.

"இவ்வளவு நரச்சிருக்கு?"

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். "சைட்டு தூசியா இருக்கும்."

அவள் முந்தானையால் அவர் காதோரம் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "தூசின்னா போவணும்லா," என்றாள்.

"எல்லாம் ஒரேயடியா வரல. நீதான் பாக்கல."

"எங்க பாக்க விட்டீய?"

நான் எழுந்து, இலைகளைப் பார்ப்பவள்போல் தள்ளிப் போனேன். வெயில் நகர நகர, அவர்களும் இருக்கையில் நகர்ந்து நகர்ந்து அமர்ந்தார்கள். நிழல் முழுவதும் மூடிய பிறகே எழுந்தார்கள்.

மார்ச்சில் வீட்டைக் காலி செய்தபோது, சன்னலின் வெள்ளித்தாளைக் கிழித்தவர் அப்பாதான். ஊருக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில் அம்மா முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றியதாக இருக்காது.

"வெளிச்சத்துல கொஞ்சம் உக்காந்தியளா?"

"உக்காந்தேம்ளா. பால்கனிலதான் இருக்கேன்."

அந்த ரூமுக்குப் பால்கனி உண்டா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.