பிள்ளையார் படத்துக்குப் பின்னால் எரிந்த லைட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சாத்தான்குளத்தில் என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். துணைக்கு நான் போய் இருந்தேன். மாப்பிள்ளை அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. அதிலும் மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேசுவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. மகளுக்குக் கல்யாணமான நாள் முதல் அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சாப்பாடு வேண்டுமா என்று கேட்பதானாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கேட்பேன்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. கடைக்கும் வீட்டுக்குமாக ஓடும், அவ்வளவுதான். தினமும் துடைப்பார். வெள்ளிக்கிழமையானால் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். ஒருநாள் கோவிலுக்குப் போகும்போது பின் சீட்டிலிருந்து பார்க்கிறேன், ஸ்டியரிங்குக்கு முன்னால் வட்டமாக ஒட்டியிருந்த பிள்ளையார் படம் உள்ளேயிருந்து சிவப்பாக ஒளிர்கிறது.

"ஏட்டி, அது என்னன்னு கேளு" என்று மகள் காதில் சொன்னேன். கேட்டாள்.

"அது ஆயில் லைட்டு. சும்மா சும்மா எரிஞ்சு எரிச்சலக் கெளப்புச்சு, அதான் பிள்ளையார ஒட்டிட்டேன். ஆயிலு கொறைஞ்சா ஊத்தத்தான செய்யுதேன்? ஒங்கம்ம எப்ப மெக்கானிக்கு ஆனாவ?" என்று சிரித்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். காரில் கிளம்பினோம். மூலைக்கரைப்பட்டி தாண்டியதும், இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். வண்டி அப்படியே நின்றுவிட்டது. சுற்றிலும் உடைமரக்காடு. மகள் என் மடியில் துடிக்கிறாள்.

மாப்பிள்ளை பானெட்டைத் திறந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்து, முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, "எவனோ கண்ணு வச்சிட்டான்" என்றார்.

"ஏலே! எவம்லே கண்ணு வச்சான்? எரியுத லைட்ட மூடி வச்சது நீதாம்லே! அந்தப் படத்த உரிலே! எம்மவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் காரயே கட்டிக்கிட்டு அழு!"

என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் உரித்தார். உள்ளே லைட்டு ரத்தம் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கீழே விழுந்த படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிள்ளையார் மேல் எனக்கு என்ன கோபம்?

வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. நடுரோட்டில் கையை விரித்து நின்றேன்.

"சாவுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா ஆச்சி?" என்று கத்திய டிரைவர், மகளைப் பார்த்ததும் இறங்கிவந்து கதவைத் திறந்தார். எங்கள் இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளை பின்னால் வாழைத்தாரோடு வாழைத்தாராக வந்தார்.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டரம்மா.

பிள்ளையோடு வாடகைக் காரில் திரும்பும்போது, எங்கள் காரை இழுத்துப் போட்டிருந்த பட்டறையில் மாப்பிள்ளை இறங்கினார். நானும் இறங்கினேன். மெக்கானிக் இன்ஜின் மூடியைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, உள்ள கருப்பட்டியா காய்ச்சுதீய?" என்றார்.

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கறுப்பாக, கெட்டியாக அப்பிக் கிடந்தது. பழைய ஆயிலை வடிக்காமல் மேலே மேலே ஊற்றினால் கசடு இப்படித்தான் கட்டுமாம். வண்டி நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிற குட்டி ஓட்டம் என்றால் இன்னும் சீக்கிரம் கட்டுமாம். அது வழியை அடைத்ததால் ஆயில் ஏறாமல் இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. காலாகாலத்தில் ஆயிலை முழுக்க வடித்து, பில்டரையும் மாற்றியிருந்தால் இது வந்திருக்காது. லைட்டு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும் என்றார்.

நான் ஒரு விரலால் அந்தக் கசடை வழித்து மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க மாப்பிள" என்றேன். இந்தத் தடவை மரியாதையாகத்தான்.

அதற்குப் பிறகு நான் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. 'லே' போட்டதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மாப்பிள்ளை இன்றும் முதலில் பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து ஆயில் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஓரக்கண்ணால் என்னையும் பார்க்கிறார். என் கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஆறாமல் இருக்கிறவரைக்கும் எங்கள் வீட்டு வண்டி ஒழுங்காக ஓடும்.