என் கட்டைவிரலும் ஒரு இஞ்சு ஓஸும்

இத்தனைக்கும் காரணம் என் கட்டைவிரல்தான். அப்போது எனக்கு ஏழு வயது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ரப்பர் ஓஸ் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து எருமையின் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எருமையைத் தாண்டிப் போய்ச் சித்தப்பாவின் சலவைச் சட்டையில் விழுந்தது. அடி விழும் என்று நின்றேன். அவரோ என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வருஷம் மிளகாய் பூத்து நின்றது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் காய் பிடிக்கும். தவறினால் பூ உதிர்ந்துவிடும். மிளகாய் நின்றதோ கிணற்றுக்கு மறுகோடியில். வாய்க்காலில் விட்டால் கரிசல் வெடிப்புகளே குடித்துவிடும் என்று ரெண்டரை இஞ்சுக் குழாய் போட்டிருந்தோம். அதில் தண்ணீர் சாவகாசமாக வந்து விழும். அந்த மாப்பிள்ளை நடைதான் சித்தப்பாவுக்குப் பிடிக்காது.

“வாயைச் சுருக்குனா வேகம் கூடுதுண்ணே. குழாயவே சுருக்கிட்டா?”

அப்பா பதில் சொல்லுமுன் ஒரு இஞ்சு ஓஸ் சுருள் சுருளாக வந்து இறங்கியது. பழைய குழாயைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள்.

மறுநாள் கரண்டு வந்ததும் சித்தப்பா மோட்டாரைப் போட்டார். மறுகோடியில் நான், தண்ணீர் என்னைத் தள்ளிவிடுமோ என்ற பயத்தில் காலை ஊன்றி ஓஸைப் பிடித்திருந்தேன்.

“ஏட்டி, வருதா?”

“வருது சித்தப்பா! ஆட்டுக்குட்டி ஒண்ணுக்குப் போற மாதிரி வருது!”

சித்தப்பா குனிந்து, மோட்டார் பக்கம் சைக்கிள் டியூப் சுற்றிய இணைப்பை இறுக்கினார். அது பிய்த்துக்கொண்டது. அவர் ஆசைப்பட்ட வேகமெல்லாம் அவர் முகத்திலேயே அடித்தது. வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். விழுந்து விழுந்து சிரித்தேன். பழைய குழாயை மாட்டுவதற்குள் கரண்டு போய்விட்டது.

விரல் அடைப்பது வாயை மட்டும். சித்தப்பாவோ குழாய் நெடுக விரலை வைத்துவிட்டார். உரசி உரசியே தண்ணீருக்கு மூச்சு வாங்கிவிட்டது. போன மாதம் சொட்டுநீர் போட வந்தவர் சொல்லித்தான் எனக்கே இது விளங்கியது.

நாலு நாள் கழித்து அடுத்த கரண்டு வருவதற்குள் பாதித் தோட்டம் பூவை உதிர்த்துவிட்டது. அதைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அப்பா கத்தினார்.

“எவம்லே ஒனக்கு இந்த யோசனயச் சொன்னது?”

வீடே சுற்றி நின்றது. சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“ஒருத்தரும் சொல்லலண்ணே. நானாத்தான் நெனச்சேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் விரலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பெயரை மட்டும் அவர் தட்டிக்கொண்டு போகிறாரே என்று ரெண்டு நாள் சித்தப்பாவோடு பேசவே இல்லை.