சகாயத்தின் வண்டியில் எரிந்த மஞ்சள் விளக்கு

போன வியாழக்கிழமை காலை, தொப்பூர் இறக்கத்தில் எங்கள் பிக்கப்பின் என்ஜின் அணைந்துவிட்டது.

வண்டி நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். வண்டி எங்கே நின்றது? ஐம்பது பெட்டி தக்காளியோடு அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது! ஸ்டியரிங் திரும்ப மறுக்கிறது. பிரேக் பெடல் மிதிக்க மிதிக்கக் கல்லாக இறுகுகிறது. பின்னால் ஒரு சிமென்ட் லாரி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. டேஷ்போர்டிலோ, என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு சாவகாசமாக எரிகிறது.

ஓட்டியது என் தங்கை சகாயம். பக்கத்து சீட்டில் நான். கையில் செபமாலை இருந்தது. வாயில் செபம்தான் வரவில்லை.

சகாயம் கத்தவில்லை. கியரை இறக்கினாள். கைப்பிரேக்கை இழுத்து, சீட்டை விட்டு எழுந்துவிடுவாள் போலப் பிரேக்கை மிதித்து, ஓரத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். லாரி எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

“யக்கா, எறங்கி முன் சக்கரத்துக்குக் கல்லு வை. அழுவறத அப்பறம் பாத்துக்கலாம்.”

பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது... எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தவக்காலத்துக்குக் கோபத்தை விட்டுவிடுவதாக வேண்டியிருந்தேன். அது அத்தோடு முடிந்தது.

இது புதுக் கதை இல்லை. பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் ஆரம்பித்த தொல்லை. பன்னிரண்டு வயது வண்டி. விளக்கு எரியும், அணையும். டவுனில் ஒரு மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். கோளாறைச் சொல்லும் எண்ணாம், ஒரு ‘கோடு’ காட்டியது. கிராங்க் சென்சார் என்றார், மாற்றினோம். அடுத்த வாரம் வேறு கோடு. ஆக்சிலரேட்டர் சென்சார் என்றார், அதையும் மாற்றினோம். மூன்றாவது முறை தலையைச் சொறிந்துகொண்டு, “மெயின் கம்ப்யூட்டரே போயிருக்கும்மா” என்றார்.

தொப்பூர் விஷயம் அன்று சாயங்காலமே அருளின் காதுக்குப் போய்விட்டது. அருள், சகாயத்தின் கணவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, வாரம் ஒருமுறைதான் எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு வருவார். போனில் அவர் சகாயத்திடம் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

“ஞாயித்துக்கிழம வண்டி வாங்க ஒருத்தர அனுப்பறேன். வண்டியக் குடுத்துரு. காரணமே தெரியாம நடுரோட்டுல நிக்கற வண்டிய நம்பி உன்ன அனுப்பிட்டு, நான் இங்க எப்படித் தூங்கறது?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் வண்டி போனால் சகாயத்துக்கு என்ன மிச்சம்? மறுபடியும் ரோட்டோரம் பெட்டிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, யார் வண்டியிலாவது இடம் கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டும். தக்காளி காத்திருக்குமா? லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. தன் காட்டில் பயிரிட்ட தக்காளியோடு பக்கத்து நாலு வீட்டுத் தக்காளியையும் சேலத்துக்கு ஏற்றிப்போகிறாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “இந்த சீட்டுல உக்காந்தாத்தான் யக்கா நான் சகாயம். எறங்கிட்டா அருள் சம்சாரம், அவ்ளோதான்.”

“ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு முழு நாள் இருக்குதுடி” என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வண்டியை வாசலில் நிறுத்தி, கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதினோம். ஹெட்லைட் போட்டால் டீசல் முள் மேலே ஏறுகிறது. (டேங்கில் டீசல் ஊறுகிறதா என்ன?) இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் சேர்ந்து கண்ணடிக்கின்றன. ஹாரன் அடித்தால் பாட்டு திக்குகிறது.

நான் இன்னொரு பட்டியலும் போட்டேன் — குற்றவாளிகள் பட்டியல். எல்லோருடைய தப்பையும் கண்டுபிடித்தே பெயர் வாங்கியவள் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? டவுன் மெக்கானிக். வண்டியை விற்ற பழைய முதலாளி. ஒயரைக் கடிக்கும் எலி. சென்சாரைக் கண்டுபிடித்த புண்ணியவான்.

சகாயம் என் பட்டியலைப் படிக்கவே இல்லை. ஸ்கேனர் காட்டிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, வாரத்துக்கு ஒரு சென்சார் கெட்டுப்போவுமா? எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதுங்களுக்குப் போற கரண்டுலதான் என்னமோ கோளாறு. நம்ம போர் மோட்டாருக்கு எர்த் விட்டப்ப ஸ்டார்ட்டர் ஆடுச்சே, நெனவிருக்குதா?”

எனக்கு நினைவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் அழுதால், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகவா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம்? சோறு ஆச்சா என்றுதானே முதலில் பார்ப்போம்! எச்சரிக்கை விளக்கு வலிக்கிற இடத்தைத்தான் சொல்லும். வலிக்குக் காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரரிடம் வோல்ட் மீட்டரை இரவல் வாங்கி வந்தாள். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டரை வோல்ட். குறையே இல்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொரு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்தாள்.

“செல்ஃப் அடி யக்கா. முள்ளு, விளக்கு எதையும் பாக்காத. சாவிய மட்டும் திருப்பு.”

திருப்பினேன். கரண்ட் திரும்பிப் போகிற வழியான எர்த் ஒழுங்காக இருந்தால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டுமாம். இரண்டு வோல்ட்டைத் தாண்டியது.

சகாயம் தரையில் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். பேட்டரியிலிருந்து கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போய், அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் முறுக்கப்பட்டிருக்கிற போல்ட்டைத் தொட்டாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: “யக்கா... பொங்கலுக்கு இங்க பெயின்ட் அடிச்சது யாரு?”

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாடு இருக்கிற வீட்டில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மாடு இல்லாத வீட்டில் வண்டிக்கு அடிப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிற நாங்களும் சரி, இதில் வித்தியாசமே கிடையாது. இந்த வருடம் பிரஷ்ஷைக் கையில் எடுத்தது அடியேன்தான்!

சும்மாவும் அடிக்கவில்லை. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது என் வியாதி. ஒயருக்குப் பின்னால் பிரஷ் போகவில்லையே என்று, ஸ்பேனரைத் தேடி எடுத்து, அந்த போல்ட்டைக் கழற்றி, ஒயரை ஒதுக்கி, இரும்பே தெரியாதபடி பச்சை எனாமல் பூசி, காயவைத்து, மறுபடியும் முறுக்கிவைத்தேன். ஒயருக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட். கரண்ட் எந்த வழியாகத் திரும்பிப் போகும்? போல்ட்டின் மரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. மரை துருப்பிடித்ததும் வண்டி தவித்திருக்கிறது.

“ரெண்டு கோட்டு அடிச்சியா யக்கா?”

“மூணு.”

வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பூர் இறக்கமும் அந்தச் சிமென்ட் லாரியும் கண்முன் வந்து நின்றன. ஊரில் இருக்கிற எல்லோரையும் சந்தேகித்தேன். அந்தப் பட்டியலில் என் பெயரை எழுத எனக்குத் தோன்றவே இல்லை!

உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும், விரல் நுனி எரிகிற வரைக்கும். போல்ட் புதிது, வாஷர் புதிது, மேலே கிரீஸ். மறுபடி மீட்டரை வைத்தாள். பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் போட்டுவைத்து, மறுபடி மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது... அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை.

சகாயம் அதோடு விடுகிற ஆளா? தண்ணீர் நிரப்பிய டிரம்களைப் பின்னால் ஏற்றி, ஹெட்லைட், வைப்பர், பாட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, அன்று மத்தியானம் தொப்பூரில் நாலு தடவை ஏறி இறங்கினாள். நாலு தடவையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அது என் பிராயச்சித்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வாங்குகிறவர் வாசலில் நிற்கிறார். டயரை உதைத்துப் பார்க்கிறார். சகாயம் அருளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“வண்டி விக்கறதுக்கு இல்லைங்க. கோளாறக் கண்டுபுடிச்சாச்சு. எர்த் விட்டிருந்துச்சு.”

“இன்னிக்கு எர்த்து. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவ. தானா விட்டது மறுபடி தானா விடாதா?”

சகாயம் என்னைப் பார்த்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாங்க வந்தவரோ பர்ஸை வெளியே எடுத்துவிட்டார்.

போனை வாங்கினேன்.

“தம்பி, அது தானா விடலைங்க. பொங்கலுக்கு எர்த் போல்ட்டக் கழட்டிப் பெயின்ட் அடிச்சது நான். மூணு கோட்டு. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. எதையாவது வித்தே ஆவணும்னா என்ன வித்துருங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அப்புறம், மூன்று நாளாக நான் கேட்காத சிரிப்பு.

“உங்கள யாருங்க அக்கா வாங்குவாங்க?”

வாங்க வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டார்.

ஆக, அன்று வண்டியும் விலை போகவில்லை, நானும் விலை போகவில்லை. இரண்டு பேரும் சகாயத்தோடுதான் இருக்கிறோம்!