மரத்துப் போச்சு

வின்சிக்கு நெற்றி கொஞ்சம் அகலம். அவ்வளவுதான். அதற்குப் போய் கத்தி வைத்துக்கொள்வாளா ஒருத்தி? வைத்துக்கொண்டாள். பாகலூரிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏழு வருஷமாக என் பக்கத்து சீட் அவள். பள்ளிக்கூடத்தில் 'கிரவுண்டு' என்று கூப்பிட்டார்களாம். பெண் பார்க்க வந்த ஒருவன், நெற்றியில் முடி இழுத்துவிட்ட போட்டோ கேட்டானாம். அந்தப் பயல் என் கையில் இன்னும் சிக்கவில்லை.

போன வருஷம் பெங்களூரு கிளினிக் ஒன்றில் நெற்றித் தோலை வெட்டியெடுத்து, முடியைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். மூன்றாம் மாதம் தையல் ஓரமாக முடி கொட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது. புருவத்திலிருந்து உச்சிவரை தொட்டால்கூட அவளுக்குத் தெரியாது.

"தல வாரினா வேற யாருக்கோ வார்ற மாதிரி இருக்குதுக்கா" என்பாள்.

ஓசூரில் பார்த்த டாக்டர்கள் எல்லாம் ஆபரேஷன் செய்தவரிடமே போகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனசு வைத்தால்தான் உண்டு. பதினோராம் மாதம் நானும் கூடப் போனேன். டாக்டர் அவள் தலையைப் பார்க்கவே இல்லை, ஃபைலைப் பார்த்தார். மருந்து போட மறந்தது அவள் தப்பு என்றார்.

"நான் எங்க மறந்தேன்?" என்று வின்சி திகைத்தாள்.

"நீவே ஹேளித்ரி, மர்த்து ஹோய்த்து அந்த" என்றாள் நர்ஸ். நீங்கதானே சொன்னீங்க என்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் மாதமே இவள் தன் அரைகுறைக் கன்னடத்தில், தலை 'மரத்து ஹோய்த்து' என்றிருக்கிறாள். கன்னடத்தில் அது மறந்துபோச்சு! மரத்துப்போவதற்கு அங்கே 'ஜோமு' என்பார்கள். என் வீட்டில் பேசுவதே கன்னடம்தான். அடிப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

ஜோமு, ஜோமு என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன். எழுதினது எழுதினதுதான் என்று டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பியில் வின்சி நெற்றியைச் சாய்த்திருந்தாள். அத்திப்பள்ளி பக்கம் ரோடு படுமோசம். பஸ் குலுங்கும்போதெல்லாம் ணங் ணங்கென்று இடித்தது.

"ஏய், நெத்தி இடிக்குதுடி!"

"இடிக்குதாக்கா?"

தடவிப் பார்த்தாள். விரலில் ரத்தம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வெச்சா என்னாக்கா" என்று மறுபடியும் அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கம்பிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். ஓசூர் வரும்வரை வலித்தது எனக்குத்தான்.